வைஃபையை அணைப்பதா, அப்படியே விடுவதா? பேட்டரிக்கு எது லாபம்?

வீட்டை விட்டுக் கிளம்பும்போது அப்பா மூன்று காரியம் செய்வார். விளக்கை அணைப்பார், பையில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார், போனில் வைஃபையை ஆஃப் செய்வார். முதல் இரண்டில் எனக்குச் சண்டை இல்லை. மூன்றாவதில்தான் தகராறு. ஏனென்றால் திரும்பி வந்ததும் வைஃபையைப் போட மறந்துவிடுவார். குடும்ப குரூப்பில் வரும் வீடியோ எல்லாம் மொபைல் டேட்டாவில் இறங்கிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் போனைக் கையில் வாங்கினால் முதுகு சுடும், சார்ஜ் இருபதுக்கு வந்திருக்கும்.

"ஏம்ப்பா, வைஃபையை ஆஃப் பண்ணியே வெச்சிருக்கீங்க?"

"சும்மா ஓடிக்கிட்டிருந்தா சார்ஜ் போகுமா, போகாதா? நீயே சொல்லு."

போகும். அதை மறுக்க முடியாது. எவ்வளவு போகும் என்பதில்தான் விஷயம்.

எந்தப் பாகம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று ஆண்ட்ராய்டு கணக்குப் போட, போன் தயாரிப்பவர் ஒரு பட்டியலைப் போனுக்குள்ளேயே வைக்க வேண்டும். அதற்குக் கூகுள் தரும் மாதிரி எண்களைப் பாருங்கள். வைஃபை போட்டிருந்து, எதையும் அனுப்பாமல் வாங்காமல் சும்மா இருந்தால் 2 மில்லி ஆம்பியர். தரவு போய்வரும்போது 31. அக்கம்பக்கத்தில் என்னென்ன நெட்வொர்க் இருக்கிறது என்று ஸ்கேன் செய்யும் நேரத்தில் 100. திரை எரிவதற்கு 200. போனுக்குப் போன் இவை மாறும், ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2 மில்லி ஆம்பியர் வீதம் 24 மணி நேரம் ஓடினால் 48 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்வதும் இதில்தான்). 5000 எம்ஏஹெச் பேட்டரியில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. திரையைக் கால் மணி நேரம் எரியவிட்டால் 50 போய்விடும். நாள் முழுக்க சும்மா இருக்கும் வைஃபையை மிச்சம் பிடித்து, கால் மணி நேரம் வீடியோ பார்த்துத் தொலைக்கிறோம்.

அதே பட்டியலில் இன்னொன்றும் தெரிகிறது. சும்மா இணைந்திருப்பதற்கும் ஸ்கேன் செய்வதற்கும் நடுவே ஐம்பது மடங்கு வித்தியாசம். அதாவது ரூட்டரோடு சேர்ந்து அமைதியாக இருக்கும் வைஃபை அதிகம் தின்பதில்லை. தேடி அலையும் வைஃபைதான் தின்கிறது. இனி ஒவ்வொரு வழியையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

எப்போதும் போட்டே வைப்பது

சும்மா இருக்கும்போது வைஃபை இவ்வளவு சிக்கனமாக இருப்பது எப்படி? ரூட்டர் வழக்கமாக வினாடிக்குச் சுமார் பத்து முறை ஓர் அறிவிப்பை வெளியிடும். துல்லியமாகச் சொன்னால் 102.4 மில்லி வினாடிக்கு ஒருமுறை. யார் யாருக்குத் தபால் வந்து காத்திருக்கிறது என்ற விவரம் அதில் இருக்கும். போனின் வைஃபை சிப் அந்த நேரத்துக்கு மட்டும் கண் விழித்து, தன் பெயர் இல்லை என்றால் மறுபடி தூங்கிவிடும். ஒவ்வொரு அறிவிப்புக்கும் எழ வேண்டும் என்றுகூட இல்லை, சிலதைத் தவறவிட்டுத் தூங்கலாம். அதுவரை தபாலை ரூட்டர் பத்திரமாக வைத்திருக்கும். வைஃபை 6 என்ற புதிய தலைமுறை வந்த பிறகு போனும் ரூட்டரும் முன்கூட்டியே நேரம் பேசி வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் மட்டும் எழுந்து கொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் அதை ஆதரிக்க வேண்டும். புது ரூட்டர் வாங்கியதும் பேட்டரி இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் ஓட்டுவது

அப்பாவின் வழி. என் கணக்கில் கடைசி இடம் இதற்குத்தான்.

மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஒரு குட்டிச் செய்தி வந்தாலும், போனுக்குள் சிக்னலை அனுப்பி வாங்கும் பாகமான ரேடியோ முழு விழிப்புக்குப் போகும். செய்தி வந்து முடிந்ததும் உடனே தூங்காது. இன்னும் ஏதாவது வருமோ என்று சில வினாடிகள் விழித்தே இருக்கும், 4ஜியில் அது பத்து வினாடி அளவுக்கும் நீளலாம். அந்த நேரத்தின் செலவு அனுபவிக்க ஆளில்லாத செலவு. நிமிடத்துக்கு ஒன்று என்று குரூப்பில் செய்தி வந்துகொண்டிருந்தால், நாள் முழுக்க அரைத் தூக்கம்தான்.

அடுத்தது சிக்னல். டவர் தூரமாகவோ நடுவில் சுவர்களோ இருந்தால் போன் சத்தம் போட்டுப் பேச வேண்டும். 4ஜி போனின் அதிகபட்ச ஒலிபரப்புத் திறன் வழக்கமாக 200 மில்லி வாட். அதை வெளியே தள்ள உள்ளே அதைவிடப் பல மடங்கு மின்சாரம் செலவாகும். ரூட்டர் பக்கத்து அறையில் இருக்கும்போது இவ்வளவு கத்த வேண்டிய அவசியமே இல்லை. ஒரே சிக்னல் கோட்டை வைத்துக்கொண்டு போட்டோ அனுப்பிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் போன் சூடாவது உள்ளங்கையில் தெரியும். ஆப்பிளும் தன் பேட்டரிக் குறிப்பில் இதையேதான் சொல்கிறது: இணையத்துக்கு மொபைல் நெட்வொர்க்கைவிட வைஃபைக்குக் குறைந்த மின்சாரம் போதும், அதனால் வைஃபையைப் போட்டே வையுங்கள்.

கையால் போட்டு, கையால் அணைப்பது

ஒழுங்காகச் செய்பவருக்கு இது மோசமில்லை. சிக்கல் என்னவென்றால், அணைத்துவிட்டோம் என்று நாம் நினைக்கும்போது பல சமயம் அணைவதே இல்லை. ஐபோனில் கன்ட்ரோல் சென்டரில் இருக்கும் வைஃபை பட்டனை 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அழுத்தினால், இணைப்பு மட்டும்தான் துண்டிக்கப்படும். ரேடியோ உயிரோடுதான் இருக்கும். காலை 5 மணி ஆனாலோ, இடம் மாறினாலோ, தானாக மீண்டும் இணையத் தொடங்கும். நிஜமாகவே அணைக்க செட்டிங்ஸுக்குள் போக வேண்டும்.

ஆண்ட்ராய்டில் கதை வேறு. லொகேஷன் செட்டிங்ஸுக்குள் லொகேஷன் சர்வீசஸ் என்று ஒன்று இருக்கும். அதற்குள் வைஃபை ஸ்கேனிங் என்று ஒரு சுவிட்ச். அது ஆனில் இருந்தால், மேலே வைஃபையை அணைத்திருந்தாலும், இருப்பிடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பதற்காகப் போன் ஸ்கேன் செய்துகொள்ளலாம். 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.3 காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. அப்பாவின் போனில் திறந்து பார்த்தேன், ஆனில்தான் இருந்தது. மிச்சம் பிடிக்க வேண்டிய 2-ஐ நிறுத்திவிட்டு, செலவான 100-க்குக் கதவைத் திறந்து வைத்திருந்தார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் அங்கே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: ஆண்ட்ராய்டு 9 முதல் பின்னணியில் இருக்கும் ஆப்கள் எல்லாம் சேர்ந்தே அரை மணி நேரத்துக்கு ஒருமுறைதான் ஸ்கேன் கேட்க முடியும். பழைய போன் வைத்திருப்பவர்கள்தான் அந்த சுவிட்சைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

போனே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது

பழைய ஆண்ட்ராய்டில், போன் தூங்கும்போது வைஃபை ஓடலாமா என்று ஒரு கேள்வி இருக்கும். எப்போதும், சார்ஜில் இருக்கும்போது மட்டும், ஒருபோதும் வேண்டாம் என மூன்று பதில்கள். பேட்டரி மிச்சமாகும் என்று நம்பி மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஏராளம், நானும் ஒருவன். டேட்டா செலவு கூடும் என்று பக்கத்திலேயே எழுதியிருந்ததைக் கண்டுகொள்ளவில்லை. திரை அணைந்ததும் வைஃபை போய் மொபைல் டேட்டா வந்துவிடும். சிக்கனமானதை நிறுத்திவிட்டுச் செலவாளியைக் கூப்பிட்ட கதைதான். பிற்பாடு அந்த அமைப்பே மறைந்துவிட்டது.

அப்புறம் ஆப் வைத்துச் செய்வது. வீட்டை விட்டுப் போனால் அணை, திரும்பி வந்தால் போடு என்று கட்டளை கொடுத்துவிடலாம். ஆனால் ஆண்ட்ராய்டு 10-க்காக எழுதப்பட்ட சாதாரண ஆப்கள் வைஃபையை நேரடியாகப் போடவோ அணைக்கவோ முடியாதபடி கூகுள் தடுத்துவிட்டது. சாம்சங்கின் ரொட்டீன்ஸ், ஐபோனின் ஷார்ட்கட்ஸ் போல போனோடு வருபவற்றில் இன்றும் செய்யலாம். ஆனால் நீங்கள் வீட்டில் இருக்கிறீர்களா, வெளியே இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள அது இருப்பிடத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ஃப்ளைட் மோட்

மிச்சம் என்று பார்த்தால் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. விலையும் அதிகம், யாரும் உங்களைக் கூப்பிட முடியாது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இரவில் இது ஆகாது. ஆனால் ஃப்ளைட் மோடைப் போட்ட பிறகு வைஃபையை மட்டும் தனியாகப் போட்டுக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாது. டவருக்காகத் தவிக்கும் வேலை நின்றுவிடும், வாட்ஸ்அப் வந்துகொண்டிருக்கும். உங்கள் மொபைல் சேவை நிறுவனமும் போனும் வைஃபை காலிங்கை ஆதரித்தால் சாதாரண அழைப்புகளும் வைஃபை வழியாகவே வரும். சுவர் தடித்த வீடு, கீழ்த்தளத்து அறை, சிக்னல் வந்து வந்து போகும் இடம் என்றால் என் முதல் ஓட்டு இந்தக் கூட்டணிக்கு.

போட்டே வைப்பது தோற்கும் இடங்கள்

நூற்றுக்கணக்கான கருவிகள் சேர்ந்திருக்கும் நெட்வொர்க்கில், எல்லோருக்குமாக அனுப்பப்படும் தகவல்கள் சதா பறந்துகொண்டிருக்கும். உங்களுக்கானது இல்லை என்று தெரிந்துகொள்ளவே வைஃபை சிப் எழ வேண்டும். இதில் பலவற்றைப் புதிய போன்கள் சிப்பிலேயே வடிகட்டிவிடும், எல்லாவற்றையும் அல்ல. ரூட்டரின் எல்லையில், இணைப்பு அறுந்து அறுந்து ஒட்டும் மூலையில் உட்கார்ந்திருந்தாலும் நஷ்டம்தான். தெரிந்த நெட்வொர்க் ஒன்றுமே வராத நீண்ட பயணத்தில் தாராளமாக அணைத்துவிடுங்கள், அங்கே தேடுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை.

பாதுகாப்பு என்று நினைத்து வீட்டு நெட்வொர்க்கின் பெயரை மறைத்து வைப்பவர்கள் உண்டு. மறைத்தால் போன்தான் போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூவித் தேட வேண்டியிருக்கும். பேட்டரியும் வீண், பெயரும் ஊருக்கே தெரிந்துவிடும்.

அப்பாவின் போனில் அன்றைக்கு பேட்டரி யூசேஜ் பக்கத்தைத் திறந்து காட்டினேன். முதல் இடத்தில் திரை, அதற்கடுத்து ஒரு வீடியோ ஆப், மொபைல் நெட்வொர்க். வைஃபை எங்கோ அடியில் கிடந்தது. ஸ்கேனிங் சுவிட்சை அணைத்து, வைஃபை காலிங்கைப் போட்டுக் கொடுத்தேன். வெளிச்சத்தைக் குறைக்கட்டுமா என்று கேட்டதற்கு மட்டும், "அதெல்லாம் தொடாதே, எழுத்து தெரியாது" என்று போனைப் பிடுங்கிக்கொண்டார்.