நேர்மின்வாய்: தாமிரமா, பிளாட்டினமா?

தாமிர சல்பேட்டுக் கரைசலை மின்சாரம் செலுத்தி மின்னாற்பகுக்கும்போது, நேர்மின்வாய் (மின்கலத்தின் நேர்முனையோடு இணைந்த தகடு) தாமிரமா பிளாட்டினமா என்பதைப் பொறுத்து அங்கு நிகழும் ஆக்சிஜனேற்றமே, அதாவது எலக்ட்ரான் இழப்பே, மாறிவிடுகிறது. ஒரு பொருளை ஆக்சிஜனேற்றுவது எவ்வளவு எளிது என்பதைக் காட்டும் திட்ட மின்னழுத்தம் தாமிரத்துக்கு 0.34 வோல்ட், நீரை ஆக்சிஜனேற்றவோ 1.23 வோல்ட் வேண்டும்; குறைந்த மின்னழுத்தம் போதுமான வினையே முந்தும். எனவே தாமிரத் தகட்டில் உலோக அணுக்களே இரண்டிரண்டு எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாகக் கரைய, எதிர்மின்வாயில் படியும் அளவு தாமிரம் கரைசலுக்குத் திரும்பி, நீல நிறம் மங்காமல் நிற்கிறது. தூய்மையற்ற தாமிரத்தில் கலந்திருக்கும் தங்கமும் வெள்ளியும் கரையாமல் அடியில் சேறாகப் படிவதும், 99.99 விழுக்காடு தூய தாமிரம் கிடைப்பதும் இதனால்தான்.

பிளாட்டினம் கரையாது. நீரே எலக்ட்ரான்களை இழந்து ஆக்சிஜன் குமிழ்களை வெளியிட, கரைசல் வெளிறி, மெல்லக் கந்தக அமிலமாகிறது. (கரித்தண்டு வைத்தால் அந்த ஆக்சிஜன் கரியையே அரிக்கும்.)

சுத்திகரிப்புக்குத் தாமிர நேர்மின்வாயே பொருத்தம். கரைசலிலிருந்து தாமிரத்தை மீட்பதற்குக் கரையாத மின்வாய் தேவை. ஆயினும் பிளாட்டினத்தின் விலை கருதித் தொழிற்சாலைகள் பெரும்பாலும் ஈயக் கலவையையே நாடுகின்றன.