லிப்ரேஆபீஸ்: எந்த டிக்கை எடுப்பது, எதை விட்டுவைப்பது

ஒரு பள்ளிக்கூட லேபில் 20 கம்ப்யூட்டர், ஒரு வரி ஆலோசகர் ஆபீஸில் 6. இரண்டு இடத்துக்கும் சிஸ்டம் பார்ப்பது நான்தான். லிப்ரேஆபீஸ் (கடிதம் அடிக்க, கணக்குப் போட உதவும் இலவச மென்பொருள் தொகுப்பு) போடலாம் என்று முடிவானபோது இரண்டு இடத்திலும் ஒரே பேச்சு: "எல்லாத்தையும் கொட்டி வைக்காதீங்க, வேண்டியதை மட்டும் போடுங்க." லேபில் இருப்பது 4 ஜிபி ரேம் மெஷின்கள், அதனால் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

விண்டோஸில் இன்ஸ்டால் ஓட்டினால் டிபிக்கலா கஸ்டமா என்று கேட்கும். கஸ்டம் கொடுத்தால் மரம் போல ஒரு பட்டியல் விரியும், வேண்டாததை கிளிக் செய்து சிவப்புப் பெருக்கல் குறி போட்டுவிடலாம். பேஸ் (டேட்டாபேஸ்), டிரா (படம் வரைவது), மேத் (கணக்குச் சமன்பாடு எழுதுவது) மூன்றையும் தூக்கினேன். டிஸ்கில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் சிரிப்புதான் வந்தது, சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. இதில் கடிதம் அடிக்கும் ரைட்டரைத் திறந்தாலும் கணக்கு அட்டவணை போடும் கால்க்கைத் திறந்தாலும் பின்னால் ஓடுவது ஒரே புரோகிராம், கனமெல்லாம் அந்தப் பொதுவான பகுதியில்தான் இருக்கிறது. வாடகை வீட்டில் ஒரு ரூமைப் பூட்டி வைத்தால் வாடகை குறையுமா, அந்தக் கதைதான். ரேமும் குறையாது, ஏனென்றால் திறக்காத பகுதி முதலிலேயே ரேமைத் தொடுவதில்லை.

லாபம் வேறு இடத்தில் இருந்தது. திறந்ததும் வரும் முகப்பில் பொத்தான்கள் குறைந்தன. முன்பு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் பேஸை அமுக்கிவிட்டு, அது கேட்கும் கேள்விக்கெல்லாம் நெக்ஸ்ட் கொடுத்துவிட்டு, "சார், என்னமோ வருது" என்று கையைத் தூக்குவார்கள். அது நின்றது. இதற்காக மட்டும் என்றால் கஸ்டம் போகலாம்.

ஆனால் ஆபீஸில் கையைச் சுட்டுக்கொண்டேன். அங்கே இரண்டு மெஷினில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற லினக்ஸ். 23.10 பதிப்பிலிருந்து உபுண்டு வழக்கமான இன்ஸ்டாலில் லிப்ரேஆபீஸைச் சேர்ப்பதே இல்லை, நாமே போட வேண்டும், அதுவும் ரைட்டர், கால்க், ஸ்லைடு போடும் இம்ப்ரெஸ் எல்லாம் தனித்தனி பேக்கேஜ். விண்டோஸைவிட இங்கே பொறுக்கி எடுப்பது சுலபம், தப்புப் பண்ணுவதும் அதைவிட சுலபம். டேட்டாபேஸ் எல்லாம் இவர்களுக்கு எதற்கு என்று ரைட்டரும் கால்க்கும் மட்டும் போட்டுவிட்டு வந்தேன். மார்ச் மாதம் போன் வந்தது. வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் அடிக்க வேண்டும், பெயரும் முகவரியும் கால்க்கில் தயார், பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் தனிக் கடிதமாக எடுத்துக் கொடுக்கும் மெயில் மெர்ஜ் மட்டும் வரமாட்டேன் என்கிறது. "தம்பி, போன வருஷம் வந்துச்சே?" என்றார் அங்கே வேலை பார்க்கும் அக்கா. வந்திருக்கும்தான், அப்போது எல்லாமே இருந்தது. கால்க்கில் இருக்கும் பட்டியலை ரைட்டரோடு இணைத்துக் கொடுக்கும் வேலை பேஸுடையது என்று எனக்கு உறைக்க அரை நாள் ஆனது. பேஸ் பேக்கேஜைப் போட்டதும் சரியாகிவிட்டது, அக்கா முன்னால் என் மரியாதைதான் கொஞ்சம் அடிவாங்கியது.

அதற்கப்புறம் மற்ற இரண்டும் வரிசையில் வந்தன. கணக்கு டீச்சர் வினாத்தாளில் வர்க்கமூலம் போட வேண்டும் என்றார், மேத் இல்லை. பிடிஎஃப் ஒன்றில் ஒரு தேதியை மாற்ற வேண்டும் என்று இன்னொருவர் வந்தார், லிப்ரேஆபீஸில் பிடிஎஃப் திறப்பது டிராவில்தான், அதுவும் இல்லை. இம்ப்ரெஸில் நான் கை வைக்காதது நல்லதாகப் போயிற்று. நம் பதினொன்றாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் ஓப்பன் ஆபீஸின் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் மூன்றுமே பாடம். லிப்ரேஆபீஸ் 2010-இல் அதிலிருந்து பிரிந்து வந்ததுதான் என்பதால் புத்தகத்தில் இருக்கும் மெனுவைப் பிள்ளைகள் திரையில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால் அந்த கஸ்டம் பட்டியலில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் வேறு. ஒன்று, மொழி. டிபிக்கல் கொடுத்தால் விண்டோஸ் எந்த மொழியில் இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் மெனு மொழியை எடுக்கும், இங்கிலீஷ் விண்டோஸில் தமிழ் மெனு தானாக வராது, கஸ்டமில் போய் நாம்தான் சேர்க்க வேண்டும் (உபுண்டுவில் அதற்கும் தனி பேக்கேஜ்). தேவைப்படாத அகராதிகளையும் அங்கேயே கழிக்கலாம். இன்னொன்று, குயிக்ஸ்டார்ட்டர். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே லிப்ரேஆபீஸை ரேமில் ஏற்றி உட்கார வைப்பது அதுதான், பழைய மெஷினில் முதலில் தூக்க வேண்டியது இது. அப்டேட் வந்திருக்கிறது என்று சொல்லும் பகுதியையும் லேபில் எடுத்துவிட்டேன், பிள்ளைகள் பார்ப்பதையெல்லாம் அமுக்குவார்கள்.

மைக்ரோசாஃப்ட் பக்கம் எப்படி என்று கேட்பீர்கள். ஆபீஸ் 2010 வரை இதே மாதிரி மரப் பட்டியல் அங்கேயும் இருந்தது. இப்போதைய பதிப்பில் டபுள் கிளிக் செய்தால் கேள்வியே இல்லாமல் மொத்தமும் இறங்கும். அக்சஸ் வேண்டாம், அவுட்லுக் வேண்டாம் என்றால் ஆபீஸ் டெப்ளாய்மென்ட் டூல் என்ற தனிக் கருவியை எடுத்து, எது வேண்டாம் என்பதை எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு முறையில் ஒரு ஃபைலில் எழுதிக் கொடுக்க வேண்டும். நூறு மெஷின் வைத்திருக்கும் கம்பெனிக்கு அது வசதி. ஒரே டீச்சர் லேபையும் பார்த்து வகுப்பும் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் யார் எக்ஸ்எம்எல் எழுதுவது? அந்த விஷயத்தில் லிப்ரேஆபீஸ் பட்டியல் தங்கம். இதிலும் 20 மெஷினுக்கு உட்கார்ந்து கிளிக் பண்ண வேண்டியதில்லை, எம்எஸ்ஐ ஃபைல்தான் (விண்டோஸின் இன்ஸ்டால் ஃபைல் வகை) என்பதால் எந்தப் பகுதி, எந்த மொழி என்று ஒரே வரி கமாண்டில் கொடுத்து சத்தமில்லாமல் போட்டுவிடலாம்.

ஐந்துக்கு நான்கு தருவேன். ஒன்றைக் குறைத்தது அந்த பேஸ் விஷயத்துக்கு, எடுக்கும்போதே "இதை எடுத்தால் மெயில் மெர்ஜ் போகும்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். லேபில் இப்போது இல்லாதது பேஸ் மட்டும்தான், டிராவும் மேத்தும் திரும்ப வந்துவிட்டன. ஆபீஸில் ஆறு மெஷினிலும் எல்லாமே இருக்கிறது.