மார்புப் பட்டையோடு நான்கு ஆண்டுகள்: கார் பந்தயத்தில் இதயத் துடிப்பை அளந்த அனுபவம்

நான் பாளையங்கோட்டையில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு முறை, பட்டறையிலேயே பந்தயத்துக்காகக் கட்டிய பழைய மாருதி எஸ்டீம் காரை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் போய் இறங்கி, சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டுகிறேன். வாய்ப்புக் கிடைத்தால் கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓட்டுவேன். என் அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. எனக்கு இப்போது 43. பந்தய உரிமத்துக்கு மருத்துவச் சான்று வாங்கப் போன இடத்தில் டிரெட்மில் பரிசோதனையும் செய்து, குறை ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னார். ஆனால், பந்தயத்தின்போது துடிப்பு எவ்வளவு ஏறுகிறது என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 2021இல் அளக்கத் தொடங்கியது அதனால்தான்.

முதலில் கையில் இருந்த ஸ்மார்ட்வாட்சையே நம்பினேன். முதல் நாள் பயிற்சி முடிந்து இறங்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்வது ஹெல்மெட்டுக்குள் காதில் கேட்டது. கடிகாரமோ 104 என்று காட்டியது. அடுத்த பயிற்சி ஓட்டத்தில் 96. மாலையில் நண்பர் ஒருவரிடம் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு, கடிகாரத்தையும் கழற்றாமல் ஓட்டிப் பார்த்தேன். பட்டையின் சராசரி 171, கடிகாரத்தின் சராசரி 109. இரண்டும் ஒரே உடம்பில், ஒரே இருபது நிமிடத்தில் பதிவானவை.

கடிகாரத்தைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. அது வேலை செய்யும் முறை அப்படி. கடிகாரத்தின் அடியில் உள்ள பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, ஒவ்வொரு துடிப்புக்கும் இரத்தத்தின் அளவு கூடிக் குறைவதைத் திரும்பி வரும் ஒளியைக் கொண்டு கணிக்கிறது. பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் ஸ்டீயரிங்கை இறுகப் பிடிக்கும்போது முன்கைத் தசைகள் விறைத்து அந்த இடத்து இரத்த ஓட்டமே மாறிவிடுகிறது, மணிக்கட்டு மடங்குகிறது, தடத்தின் அதிர்வு முழுவதும் கை வழியாக ஏறுகிறது, போதாததற்குக் கையுறையின் விளிம்பு கடிகாரத்தை மேலும் கீழும் தள்ளுகிறது. மார்புப் பட்டை அளப்பது இரத்தத்தை அல்ல. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் எழும் மின்சமிக்ஞையை. ஈசிஜி எடுப்பதன் எளிய வடிவம் என்று சொல்லலாம். 1980களின் தொடக்கத்தில் பின்லாந்தின் போலார் நிறுவனம் ஓட்டக்காரர்களுக்காகக் கம்பியில்லாக் கருவிகளைக் கொண்டுவந்த காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை.

பட்டை வாங்கிய பிறகும் முதல் சில மாதங்கள் சிரமம்தான். தொடக்க நிமிடங்களில் 210, 224 என்றெல்லாம் பதிவாகிப் பயமுறுத்தியது. பட்டையின் உள்பக்கத்தில் தோலைத் தொடும் இரண்டு மின்வாய்களும் உலர்ந்திருந்ததே காரணம். இப்போது உடை மாற்றுவதற்கு முன் அந்த இரண்டு இடங்களையும் விரல் நுனியால் தண்ணீர் தொட்டு நன்றாக நனைத்து, மார்புத் தசைக்குச் சற்றுக் கீழே, மூச்சை இழுத்து விட்டால் இறுக்கம் தெரியும் அளவுக்குக் கட்டுகிறேன். இன்னொரு சிக்கல் சீட் பெல்ட். ஆறு முனை பெல்ட்டின் தோள் வார்கள் இறங்கும் பாதையில் பட்டையின் குமிழ், அதாவது நடுவில் பொருத்தியிருக்கும் சிறிய மின்னணுப் பகுதி, அகப்பட்டால், பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் அது அழுந்தி அளவு அறுந்துபோகும். விலாவிலும் வலி எடுக்கும். குமிழை ஒரு விரற்கடை அளவு இடப்பக்கம் நகர்த்திக் கட்டிய பிறகு அந்தத் தொந்தரவு இல்லை. புளூடூத் சமிக்ஞை, தடத்தின் ஓரத்தில் நம் ஆட்கள் நிற்கும் பிட் வரைக்கும் எட்டாது என்பதால் குமிழிலேயே பதிவாகும் வகையை வாங்குவது நல்லது. வியர்வை உப்பு ஏறிய பட்டையை அன்றன்றே அலசிக் காயப்போடாவிட்டால் நெகிழ்ச்சி போய்விடுகிறது. நான்கு ஆண்டுகளில் மூன்று பட்டைத் துணிகளை மாற்றியிருக்கிறேன்.

பாதுகாப்பு பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தீ தாங்கும் உள்ளாடைக்கு அடியில், தோலோடு ஒட்டி, செயற்கை இழையால் ஆன ஒரு பொருளைக் கட்டிக்கொள்வது சாதாரண விஷயம் அல்ல. தீ விபத்தில் அத்தகைய துணி உருகித் தோலில் ஒட்டக்கூடும். ஆகவே ஒவ்வொரு முறையும், ஓட்டத்துக்கு முன் நடக்கும் பாதுகாப்புச் சோதனையான ஸ்க்ரூட்டினியில் அதிகாரிகளிடம் காட்டி, அவர்கள் சம்மதித்தால் மட்டுமே அணிகிறேன். ஒருமுறை வேண்டாம் என்றார்கள், கழற்றி வைத்துவிட்டேன். என் பதிவுகளில் பெரும்பகுதி பயிற்சி ஓட்டங்களில் கிடைத்தவையே. ஃபார்முலா ஒன்னில் 2018இல் இந்தச் சிக்கலுக்கு அழகான தீர்வு கண்டார்கள்: ஓட்டுநரின் தீ தாங்கும் கையுறைக்குள்ளேயே சிறிய சென்சாரைத் தைத்து, நாடித் துடிப்பும் இரத்த ஆக்சிஜன் அளவும் மருத்துவக் குழுவுக்குப் போகும்படி செய்தார்கள். விபத்துக்குள்ளான காரை மருத்துவர் நெருங்குவதற்கு முன்பே ஓட்டுநரின் நிலை தெரியவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இனி எண்களுக்கு வருகிறேன். பட்டறையில் என்னோடு வேலை பார்க்கும் மேலப்பாளையத்துத் தம்பி, ஒரு பயிற்சி நாளில் கார் புறப்படுமுன் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாக நின்றான். "அண்ணாச்சி, வண்டி இன்னும் நவரவே இல்ல, இது நூத்தி முப்பத்தெட்டுன்னு காட்டுதே. பட்டயச் சரியாக் கட்டுனியளா?" என்று கேட்டான். சரியாகத்தான் கட்டியிருந்தேன். பெல்ட்டுக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்த எனக்கு, பாளையங்கோட்டைத் தெருக்களில் மெதுவாக ஓடும்போது வருகிற துடிப்பு அப்போதே வந்திருந்தது. அட்ரினலின் செய்யும் வேலை அது. புறப்பட்டு முதல் வளைவுக்குள் 165. மூன்றாவது சுற்றிலிருந்து 170க்கு மேல். கடைசிச் சுற்றில் 181. பாபநாசத்துக்கு மேலே உள்ள ஏற்றத்தில், மருத்துவரின் அனுமதியோடு, முடிந்த மட்டும் ஓடி அளந்தபோது எனக்குக் கிடைத்த உச்சம் 186. 220இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கு எனக்கு 177 என்கிறது. அதை நம்பியிருந்தால், என்னால் எட்டவே முடியாத துடிப்பில் ஓட்டிக்கொண்டிருப்பதாக நினைத்திருப்பேன்.

எனினும், 172 என்ற சராசரியைப் பார்த்துவிட்டு, அதே துடிப்பில் ஓடும் ஓட்டக்காரனுக்கு நிகரான உழைப்பு என்று கருதியது நான் செய்த பெரிய தவறு. ஓட்டத்தில் துடிப்பு ஏறுவது கால்களின் பெரிய தசைகள் ஆக்சிஜன் கேட்பதால். காருக்குள் அது பல வழிகளில் ஏறுகிறது. பதற்றம் ஒன்று. கைகளும் கழுத்தும் காலும் அசையாமல் இறுகி நிற்கும் உழைப்பு இரண்டாவது; அது ஆக்சிஜன் செலவைவிட இரத்த அழுத்தத்தையும் துடிப்பையும் அதிகமாக ஏற்றுகிறது. மூன்றாவது, என் அனுபவத்தில் மிகப் பெரியது, வெப்பம். ஏசி கழற்றப்பட்ட காரில், பல அடுக்கு உடைக்குள், உடம்பு தன்னைக் குளிர்விக்க இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. வியர்வையில் நீர் போகப் போக ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளும் இரத்தம் குறைகிறது. அதை ஈடுசெய்ய இதயம் வேகமாக அடிக்கிறது. வேகம் மாறாமலே துடிப்பு மட்டும் சுற்றுக்குச் சுற்று மேலே போவது இதனால்தான். கடிகாரங்களும் செயலிகளும் இந்த வேறுபாட்டை அறியாமல், துடிப்பை வைத்தே கலோரியைக் கணக்கிடுகின்றன. இருபது நிமிடத்துக்கு 340 கலோரி என்று செயலி சொன்னதை நம்பி, உழைத்த உடம்புதானே என்று ஒரு பருவம் முழுவதும் கூடுதலாகச் சாப்பிட்டு மூன்று கிலோ எடை ஏறினேன்.

இந்தக் குழப்பத்தைத் தெளிவாக்கியது கருவி அல்ல, ஒரு நோட்டுப் புத்தகம். சுவீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் என்ற உளவியலாளர் வகுத்த உழைப்பு அளவுகோல் 6 முதல் 20 வரை செல்வது. அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் உடலுழைப்பின்போது இருக்கக்கூடிய துடிப்பு ஏறத்தாழக் கிடைக்கும்படி அது அமைக்கப்பட்டது. காரிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும், பட்டையின் எண்ணைப் பார்ப்பதற்கு முன், எனக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்று அந்த அளவுகோலில் ஓர் எண் எழுதிவிடுவேன். தாமிரபரணிக் கரையில் ஓடும் நாட்களில் நான் எழுதும் 14க்குப் பட்டை 142, 145 என்று காட்டும், இரண்டும் ஒத்துப்போகும். பந்தயத் தடத்தில் நான் 13 என்று எழுதிய நாளில் பட்டை 170 காட்டும். இடையில் உள்ள அந்த நாற்பது துடிப்பே எனக்குப் பயனுள்ள செய்தி. அது காற்றோட்டம் நன்றாக இருந்த நாளில் முப்பதாகக் குறைகிறது, முந்தின இரவு ரயிலில் தூங்காமல் வந்த நாளில் ஐம்பதாகிறது.

அந்த இடைவெளியைக் குறைக்க இரண்டு காரியங்கள் உதவின. ஒன்று, பிடி. காருக்குள் வைத்திருந்த கேமராவின் ஒலியையும் துடிப்பு வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, பிரேக் தொடங்கி வளைவின் நடுப்பகுதி வரை நான் மூச்சையே விடவில்லை என்பது தெரிந்தது. கையுறையைக் கழற்றினால் உள்ளங்கையில் ஸ்டீயரிங் உறையின் தையல் வரி சிவப்பாகப் பதிந்திருக்கும். நேர்பாதைக்கு வந்தவுடன் விரல்களைத் தளர்த்தி, வாய் வழியாக நீளமாக மூச்சை விடுவது என்று ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். அது கைவர ஏறக்குறைய ஓர் ஆண்டு பிடித்தது. இப்போது நேர்பாதையில் ஐந்தாறு துடிப்பு இறங்குவது வரைபடத்தில் ரம்பப் பல் போலத் தெரிகிறது. தையல் வரியும் முன்போல ஆழமாகப் பதிவதில்லை.

மற்றொன்று, வெயில். நம் ஊர்க்காரர்களுக்கு வெயில் பழகியதுதானே என்று நினைத்திருந்தேன். நிழலில் வேலை செய்து, மின்விசிறிக்கு அடியில் உட்காரும் உடம்புக்கு அது பழகியிருக்கவில்லை. ஒன்று முதல் இரண்டு வாரம் வெப்பத்தில் உடற்பயிற்சி செய்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, வியர்வை முன்னதாகவே தொடங்கி, அதே வேலைக்குத் துடிப்பு குறையும் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. ஆகவே பந்தயத்துக்கு முந்தைய பன்னிரண்டு நாட்கள், மாலை நான்கு மணி வெயிலில், முப்பத்தைந்து நிமிடம் மெதுவாக ஓடுகிறேன். தலைசுற்றல் தோன்றினால் உடனே நிறுத்திவிடுவேன், தனியாகவும் ஓடுவதில்லை. 2023இல் இதைச் செய்த பிறகு, அதே கார், அதே தடம், ஏறத்தாழ அதே சுற்று நேரத்தில் சராசரி 163க்கு இறங்கியது. பந்தய நாளில் காலையிலிருந்தே உப்புப் போட்ட நீராகாரம் குடிக்கிறேன். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்ததை ஈடுகட்டுகிறேன். இருபது நிமிட ஓட்டத்தில் 600 முதல் 700 கிராம் குறைகிறது.

ஓட்டும்போது எடுத்த அளவைவிடக் காலையில் படுக்கையிலேயே எடுக்கும் அளவு எனக்கு ஒருமுறை பெரிய உண்மையைச் சொன்னது, நான்தான் கேட்கவில்லை. வழக்கமாக 58இல் இருக்கும் ஓய்வுத் துடிப்பு, 2024இல் ஒரு பந்தயத்தன்று காலை 71 காட்டியது. பயணக் களைப்பு என்று ஒதுக்கிவிட்டேன். ஓட்டத்தில் துடிப்பு இரண்டாவது சுற்றிலேயே 180ஐத் தொட்டது. சுற்று நேரமோ இரண்டு விநாடிக்கு மேல் பின்தங்கியது. ஏழாவது சுற்றில் பிரேக் போடும் இடத்தைத் தவறவிட்டுத் தடத்துக்கு வெளியே மண்ணில் போய் நின்றேன். நின்ற பிறகும், முதல் ஒரு நிமிடத்தில் வழக்கமாக இறங்கும் இருபத்தைந்து துடிப்புக்குப் பதில் ஒன்பதுதான் இறங்கியிருந்தது. அன்று இரவு ரயிலில் காய்ச்சல் தொடங்கியது. பின்னால் வந்த வண்டிக்காரர் சுதாரித்திருக்காவிட்டால் அவருக்கும் ஆபத்து நேர்ந்திருக்கும் என்பது இன்றும் என்னை வருத்துகிறது. அதன் பிறகு, ஓய்வுத் துடிப்பு வழக்கத்தைவிட எட்டு கூடுதலாக இருந்தால் காரில் ஏறுவதில்லை என்று முடிவு செய்து, இதுவரை ஒருமுறை பதிவுக் கட்டணத்தை இழந்திருக்கிறேன்.

மேல்கையில் கட்டும் ஒளிச் சென்சார் பட்டையையும் ஆறு மாதம் பயன்படுத்தினேன். மணிக்கட்டைவிட மிக நம்பகமானது. திடீர் ஏற்றத்தைச் சில விநாடிகள் தாமதமாகக் காட்டுகிறது, அவ்வளவே. மார்பில் கட்ட விரும்பாதவர்களுக்கு அதைத் தயங்காமல் சொல்வேன். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அந்த மருந்து துடிப்பையே கட்டுப்படுத்துவதால் நான் எழுதியிருக்கும் எந்த எண்ணும் உங்களுக்குப் பொருந்தாது; மருத்துவரைக் கேட்காமல் தடத்தில் இறங்காதீர்கள்.

மேலப்பாளையத்துத் தம்பிக்கு இப்போது 23 வயது. இந்த ஆண்டு அவனும் உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறான். போன மாதம் கோவையில் அவனுக்குப் பட்டையை நனைத்துக் கட்டிவிட்டேன். புறப்படுமுன் 151, ஓட்டத்தில் 188, போர்க் அளவுகோலில் அவன் எழுதிய எண் 12. அவனுக்கென்று தனி நோட்டு வாங்கிக் கொடுத்து, முதல் பக்கத்தில் அவற்றை எழுத வைத்திருக்கிறேன். என் நோட்டோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.