ஆறு வருஷம் ஒரே எலக்ட்ரிக் கிட்டார்: உப்புக்காற்றும் பன்னிரண்டு குட்டி ஸ்க்ரூக்களும்

நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்து, நான் வைத்திருக்கும் அதே கிட்டார் மாடல் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டார். அன்று காலைதான் பழுது பார்ப்பவரிடம் 1,800 ரூபாய் கொடுத்துவிட்டு கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அந்தக் கோபத்திலேயே "வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

ஸ்ட்ராட், அதாவது ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவ கிட்டார்தான், தயாரித்த கம்பெனி பெயர் வேண்டாம். நெக், அதாவது இடது கை பிடிக்கும் நீளமான கழுத்து, அருமை. ஆறு வருஷத்தில் அதில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் (ஃப்ரெட்) ஒன்றுகூட தூக்கவில்லை, கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்களில் (பிக்கப்) நடுவில் இருப்பதன் சத்தத்துக்காகவே இதை விற்க மனசு வரவில்லை. பிரச்சினை பிரிட்ஜில், அதாவது உடம்பின் மேல் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பகுதியில். 1954-ல் ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் வந்த நாளிலிருந்து இந்த வகை பிரிட்ஜில் கம்பிக்கு ஒன்றாக, கம்பி உட்காரும் ஆறு சின்னத் துண்டு (சேடில்), ஒவ்வொரு சேடிலுக்கும் உயரம் ஏற்றி இறக்க இரண்டு தலையில்லாத குட்டி ஸ்க்ரூ. மொத்தம் பன்னிரண்டு. என் கிட்டாரில் அவை 1.5 மில்லிமீட்டர் அலன் கீ (அறுகோணச் சாவி) போடும் அளவு, அமெரிக்க மாடல்களில் பெரும்பாலும் 0.050 இன்ச். இரண்டுக்கும் வித்தியாசம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு, தப்பான சாவியைப் போட்டுத் திருகினால் ஸ்க்ரூவின் அறுகோணக் குழி வட்டமாகிவிடும்.

நான் சரியான சாவியைத்தான் போட்டேன். ஆறாவது கம்பியைக் கொஞ்சம் இறக்கலாம் என்று திருகினால் ஸ்க்ரூ அசையவே இல்லை, சாவிதான் வழுக்கியது. உள்ளே மரை முழுக்கத் துரு. மேலே க்ரோம் பிரிட்ஜ் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, அதன் நடுவில் வெறும் இரும்பு ஸ்க்ரூக்கள் கேட்பாரில்லாமல் செத்துக்கொண்டிருந்தன. இவ்வளவு நல்ல நெக் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பன்னிரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போட மனசு வராமல் போனதுதான் எனக்கு ஆறவே இல்லை.

பழுது பார்ப்பவர் சேடிலைத் தனியே கழற்றி, ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்து, சால்டரிங் அயர்ன் முனையால் சூடு காட்டித் திருகிப் பார்த்திருக்கிறார். ஒன்று வந்தது, இன்னொன்று வரவில்லை. கடைசியில் புது சேடில்.

நியாயமாகச் சொன்னால் முழுப் பழியும் கம்பெனி மேல் இல்லை. என் வீடு திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிற இடம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும், மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்த்துப் போவது அதனால்தான். வலது கை வியர்வை சேடில் மேல் விட்டுப்போகும் உப்பும் அதையேதான் செய்கிறது. க்ரோம் துருப்பிடிக்காது, ஆனால் அந்தப் பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரான் கூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாக உப்பு உள்ளே போய்விடும். அடியில் இரும்பு என்றால் செம்புள்ளி, துத்தநாகக் கலவை என்றால் வெள்ளைப் பொடி.

முதல் இரண்டு வருஷம் நான் செய்தது தப்பு. பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். அதில் உராயும் பொடி இருக்கிறது, பளபளப்பு வரும், ஆனால் பூச்சும் கூடவே கரையும். தங்க நிறப் பூச்சு என்றால் வெறும் கைபட்டே தேய்ந்துவிடும், அதன்மேல் பாலிஷ் வேண்டவே வேண்டாம். ஸ்டீல் உல் என்ற இரும்பு நாரும் வேண்டாம், அதன் துகள்கள் பிக்கப் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு லேசில் போகாது. துரு இளக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தால் அப்போதைக்கு இளகும், ஆனால் பெரும்பகுதி ஆவியாகி மெல்லிய படலம்தான் மிஞ்சும்.

இப்போது செய்வது இதுதான். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியை லேசாக நனைத்து, நன்றாகப் பிழிந்து பிரிட்ஜைத் துடைக்கிறேன். உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் சரி, ஸ்பிரிட்டில் உப்பு கரையாது. உடனே உலர்ந்த துணியால் ஒரு முறை. அப்புறம் கால் மணி நேரம் ஃபேன் காற்றில் வைத்துவிட்டுத்தான் பைக்குள். கம்பி மாற்றும்போதெல்லாம் பன்னிரண்டு ஸ்க்ரூவையும் கால் சுற்று திருப்பி, பல்குத்தும் குச்சி முனையில் தையல் மெஷின் ஆயில் தொட்டு மரையில் வைத்து, பழைய இடத்துக்கே கொண்டுவருகிறேன். அதிகம் விட்டால் தூசு சேரும், மரத்திலும் இறங்கும். பிரிட்ஜ் தகட்டுக்கும் கம்பியை முறுக்கும் ட்யூனர்களின் மூடிகளுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் உராய்வுப் பொடி இல்லாத கார் வேக்ஸ். இதை ஆரம்பித்த பிறகு புதுப் புள்ளி ஒன்றுகூட வரவில்லை. போன வாரம் அசையாமல் அடம்பிடித்த அந்த ஸ்க்ரூ, நான் திருந்துவதற்கு முன்பே உள்ளுக்குள் இறுகிப்போனது.

நேற்று ராத்திரி இரண்டு மணி நேரம் வாசித்தேன். புது சேடிலோடு ஆறாவது கம்பி சுத்தமாக அதிர்கிறது, இந்த விலையில் இப்படி ஒரு கிட்டார் நான் வேறு வாசித்ததில்லை. இருந்தாலும் என் பதில் மாறவில்லை, வாங்காதீங்க. இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் தங்க நிற பிரிட்ஜ் உள்ளதை விட்டுவிடுங்கள், 1.5 மில்லிமீட்டர் சாவியைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே பன்னிரண்டையும் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். ஒன்று அடம்பிடித்தாலும் வேறு பீஸ் எடுத்துவரச் சொல்லுங்கள்.