வகுப்பறைப் பாடமா, பள்ளி ஆலோசகரா, கிளினிக்கா?

மாணவர்களின் மனநலத்துக்காக ஒரு பள்ளி பணம் ஒதுக்கினால், அதை வகுப்பு முழுவதற்குமான பாடத்தில் போடலாம், பள்ளிக்குள்ளேயே ஓர் ஆலோசகரை அமர்த்தலாம், அல்லது சிரமப்படும் பிள்ளையை வெளியே கிளினிக்குக்கு அனுப்பலாம். என் ஓட்டு ஆலோசகருக்குத்தான்.

வகுப்புப் பாடம் யாரையும் தனியாகப் பிரிப்பதில்லை என்பதால் பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் பிரிட்டனில் 85 பள்ளிகளில், 11 முதல் 14 வயது வரையுள்ள 8,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த மிரியட் ஆய்வில் (2022), ஆசிரியர்கள் நடத்திய மைண்ட்ஃபுல்னெஸ் (இந்தக் கணத்தில் மனதை நிறுத்திக் கவனிக்கும் பயிற்சி) வகுப்புகள் வழக்கமான பாடங்களைவிடக் கூடுதல் பலன் எதையும் தரவில்லை. எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பதே சமத்துவம் ஆகிவிடாது.

கிளினிக்கில் நல்ல சிகிச்சை கிடைக்கும். ஆனால் பிள்ளை அங்கே போய்ச் சேர வேண்டுமே! கத்ரீனா புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், அதிர்ச்சியிலிருந்து மீளாத பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பள்ளியில் குழு சிகிச்சை ஒதுக்கப்பட்டவர்களில் 98 சதவீதம் பேர் அதைத் தொடங்கினார்கள். கிளினிக் ஒதுக்கப்பட்டவர்களில் 37 சதவீதம் பேர்தான். இத்தனைக்கும் இரண்டு சிகிச்சையுமே பலன் தந்தன. கூட்டிப்போக ஆள், வேலைக்கு விடுப்பு, பயணச் செலவு எல்லாம் வாய்க்காத வீட்டுப் பிள்ளைக்கு எட்டாத சிகிச்சையால் என்ன பயன்?

சரி, பள்ளிக்குள் என்றால் ஆசிரியரே பார்த்துக்கொள்ளக் கூடாதா? பீகாரில் 74 பள்ளிகளில் நடந்த சேஹர் ஆய்வு (2018) இதைத்தான் சோதித்தது. மனநலப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் பணியாற்றிய பள்ளிகளில் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வும் சக மாணவர்களின் கொடுமையும் குறைந்தன. அதே திட்டத்தை ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் மாற்றம் தென்படவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாடச் சுமைக்கு நடுவே இதையும் அவர்கள் தலையில் கட்டுகிறோம். மதிப்பெண் போடுபவரிடமே மனம் திறந்து பேசவும் பிள்ளைகள் தயங்குவார்கள்.

ஆலோசகர் இருந்தாலும் கிளினிக் வேண்டாம் என்றாகாது. தற்கொலை எண்ணம், மனச்சிதைவு, உண்பது தொடர்பான மனநலக் கோளாறு போன்றவற்றுக்கு மருத்துவர் கட்டாயம் வேண்டும். சீட்டு எழுதிக் கொடுத்ததோடு விடாமல், முதல் சந்திப்புவரை பள்ளி உடன் நிற்க வேண்டும். அப்புறம், ஆலோசகரிடம் யார் போவது என்பதை ஆசிரியர்கள் மட்டுமே முடிவு செய்தால், வகுப்பில் கலாட்டா செய்யும் பிள்ளைதான் முதலில் கண்ணில் படும், உள்ளுக்குள் நொறுங்கும் அமைதியான பிள்ளை விடுபட்டுப் போகும். யாரிடமும் சொல்லாமல், தானாகவே வந்து பேசும் வசதியை முதல் நாளிலிருந்தே வைத்துவிடுங்கள்.