இம்பரேட்டர்: ரோம் கேம்ப்பெய்னை எப்படிப் பகிர்வது? எழுத்தா, வீடியோவா, சேவ் ஃபைலா?

ஒரு கேம்ப்பெய்ன், அதாவது ஒரு நாட்டை எடுத்து ஆடும் நீண்ட ஆட்டம், சூடுபிடித்துவிட்டால் அதை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும். பழங்கால நாடு ஒன்றை ஆளும் கணினி வியூக விளையாட்டான இம்பரேட்டர்: ரோம் ஆடுகிறவர்களுக்கு அதற்கு மூன்று வழி இருக்கிறது: ஸ்கிரீன்ஷாட் வைத்து எழுதலாம், வீடியோ போடலாம், ஆட்டம் நின்ற நிலையைச் சேமித்த சேவ் ஃபைலையே கொடுத்துவிடலாம். என் ஓட்டு எழுத்துக்குத்தான்.

ஆட்டம் கி.மு. 304-இல் தொடங்குகிறது. அலெக்சாண்டரின் தளபதிகள் அவர் விட்டுப்போன ராஜ்யத்துக்காக அடித்துக்கொண்டிருக்கும் நேரம். அவர்களில் ஒருவரான ஆண்டிகோனஸுக்கு அப்போதே எண்பதை நெருங்கும் வயது. அவர் கண்ணை மூடினால் மகன் டெமெட்ரியஸ் தாக்குப்பிடிப்பாரா, எந்த கவர்னரின் விசுவாசம் சரிந்து உள்நாட்டுப் போர் வெடிக்கும் என்பதில்தான் கதையே இருக்கிறது. வரலாற்றில் கி.மு. 301-இல் இப்சஸ் போரோடு சிதறிய ஆண்டிகோனஸின் ராஜ்யம் உங்கள் ஆட்டத்தில் நூறு வருடம் நிற்கலாம். கிரேக்கத்தின் வடமேற்கில் இருந்த எபிரஸ் நாட்டை எடுத்தால் இன்னும் சுவாரசியம்: கி.மு. 302-இல் நாட்டைவிட்டு விரட்டப்பட்ட அதன் மன்னர் பிர்ரஸை உங்கள் ஆட்டத்தில் அரியணையிலேயே வைத்துக்கொள்ளலாம். இப்படி ஓர் ஆளை மையமாக வைத்து நகரும் கதைக்கு எழுத்துதான் பொருந்தும். கி.மு. 27 வரை நீளும் ஆட்டத்தில் சும்மா கடந்துபோன இருபது வருடத்தை ஒரு வரியில் தாண்டிவிட்டு, ஒரே ஒரு போருக்கு நான்கு பத்தி ஒதுக்க முடியும்.

வீடியோவில் இது கஷ்டம். அடிக்கடி பாஸ் போட்டு, அதாவது நேரத்தை நிறுத்தி, ஆடும் கேம் என்பதால், ஆடுகிறவர் எண்களைப் பார்த்து யோசிக்கிற நேரத்தில் பார்க்கிறவருக்கு அசையாத வரைபடம் மட்டும்தான் தெரியும். ஆனால் கற்றுக்கொடுக்க வீடியோவை மிஞ்ச எதுவும் இல்லை. 2021 பிப்ரவரியில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு மாறிப்போன படைதிரட்டும் முறையை எழுத்தில் விளக்கினால் பாதிப் பேர் தொலைந்துபோவார்கள், மவுஸ் எங்கே போகிறது என்று பார்த்தால் சட்டென்று புரியும். லைவ் ஸ்ட்ரீம் என்றால் தோற்றதும் சத்தமில்லாமல் பழைய சேவுக்குப் போய்விடவும் முடியாது, அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

சேவ் ஃபைல் வேறு ரகம். வாங்கியவர் உள்ளே நுழைந்து குடும்ப மரத்தைத் தோண்டலாம், கஜானா ஏன் காலி என்று தானே கண்டுபிடிக்கலாம். ஆளுக்கு ஒரு மன்னர் காலம் என்று மாறிமாறி ஆடும் கூட்டு கேம்ப்பெய்னுக்கு இதைவிட்டால் வேறு வழியும் இல்லை. சிக்கல், இருவரிடமும் கேமின் அதே பதிப்பும் அதே மாட்களும் (ரசிகர்கள் செய்து சேர்க்கும் மாற்றங்கள்) இருக்கவேண்டும். 2021-இல் தயாரிப்பு நிறுவனமான பாரடாக்ஸ் இந்த கேமின் வேலையை நிறுத்திவைத்த பிறகு ரசிகர்கள் வளர்த்த இன்விக்டஸ் மாடைப் பலரும் போட்டு ஆடுகிறார்கள், அது அப்டேட் ஆனால் பழைய சேவ் சரியாக ஓடும் என்று நம்ப முடியாது. அதனால் சேவ் கொடுக்கிறவர்கள் பதிப்பு எண்ணையும் மாட் பட்டியலையும் கூடவே எழுதிவிடுங்கள்.

எழுத உட்காருகிறவர்களுக்கு ஒரு விஷயம்: ஜெயித்த பிறகு எடுக்கும் வரைபடப் படம் மட்டும் போதாது. போர் அறிவிக்கும் முன் ஆள்பலம், கஜானா, எதிரியின் கூட்டாளிகள் எல்லாம் தெரிகிற மாதிரி கேமை ஓட்டும் ஸ்டீம் தளத்தில் எஃப்12 அழுத்தி ஒரு படம் எடுத்து வையுங்கள், எவ்வளவு பெரிய ரிஸ்க் எடுத்தீர்கள் என்பது வாசிக்கிறவருக்கு அதில்தான் தெரியும்.