540 டாலர் வாங்கிக்கொண்டு என் டேட்டாபேஸை ஊருக்கே திறந்துவிட்டவர்: ஓர் எச்சரிக்கை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் 'சரி, விடு' என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. போனது 540 டாலர். அதோடு 18 நாள் முன்பதிவுகளும் போயின. பணத்தைக்கூட இன்னொரு வேலை செய்து எடுத்துவிடலாம், அந்த 18 நாளை எங்கே போய் எடுப்பது?

சிறு வணிகர்களுக்கான முன்பதிவு செயலி ஒன்றைத் தனியாளாகக் கட்டியிருக்கிறேன். செயலிக்கு ஒரு கன்டெய்னர் (ஒரு நிரலையும் அதற்கு வேண்டியதையும் சேர்த்து அடைத்த தனிப் பெட்டி மாதிரி), போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு ஒரு கன்டெய்னர், பின்னணி வேலைகளுக்கு ஒன்று. இந்தப் பெட்டிகளை ஓட்டும் மென்பொருள் டாக்கர், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதிச் சேர்த்து ஓட்டுவது அதன் காம்போஸ். அதில் ஒரே கட்டளை கொடுத்தால் என் மடிக்கணினியில் எல்லாம் எழுந்து நிற்கும். கோட் எழுதத் தெரியும், லினக்ஸ் சர்வரைப் பார்த்தால்தான் கை நடுங்கும். அதனால் புரொடக்‌ஷனில் ஏற்றித்தர, அதாவது வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜ சர்வரில் ஓடவைத்துத்தர, ஆள் தேடினேன். ஃப்ரீலான்ஸ் வேலைக்கு ஆள் பிடிக்கும் தளங்களில் ஒன்றுதான், பெயர் சொல்லப்போவதில்லை. 4.9 நட்சத்திரம், 'டெவ்ஆப்ஸ் நிபுணர்' (செயலிகளைச் சர்வரில் ஏற்றிப் பராமரிப்பவர்) என்று பட்டம், நம் மொழியிலேயே பேசுகிறார். வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் 600 டாலர் கேட்டார். "பாதியைத் தளத்துக்கு வெளியே அனுப்பிடுங்க அண்ணா, கமிஷன் மிச்சம், உங்களுக்கு 540 போட்டுக்கிறேன்" என்றார். 60 டாலர் மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். அந்த 60 டாலருக்காகத்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் நம்பிய அந்த நிமிடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு நாளில் வேலை முடிந்தது என்று வீடியோ அழைப்பில் வந்து திரையைப் பகிர்ந்தார். உலாவியில் என் செயலி, முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம். அப்புறம் கறுப்புத் திரைக்கு, அதாவது கட்டளை அடிக்கும் டெர்மினலுக்குப் போனார். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வாலின் (சர்வரில் இருந்தது யூஎஃப்டபிள்யூ) நிலையைக் கேட்கும் கட்டளையை அடித்தார். 'ஆக்டிவ்' என்று வந்தது, கீழே 22, 80, 443 என்று மூன்றே போர்ட் (இணைப்புகள் உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்கள்). "பாத்துக்கோங்க அண்ணா, மூணு கதவுதான் திறந்திருக்கு. மத்ததெல்லாம் பூட்டு." அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னர்களின் பட்டியல். மூன்றும் ஓடுகின்றன, டேட்டாபேஸுக்கு நேரே 'ஹெல்தி' என்று வேறு இருக்கிறது. கடைசியாகத் தினசரி பேக்கப் கட்டளையை என் கண்ணெதிரே ஓட்டினார். 1.3 எம்பியில் ஒரு கோப்பு வந்து விழுந்தது. "இதே கட்டளை தினமும் ராத்திரி ரெண்டு மணிக்குத் தானா ஓடும்." சந்தோஷத்தில் அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் வேறு எடுத்துக்கொண்டேன். அழைப்பு முடிந்த பத்தே நிமிடத்தில் 270 டாலரைத் தளத்தில் விடுவித்தேன், மீதி 270ஐ வெளியே அனுப்பினேன். ஐந்து நட்சத்திரமும் கொடுத்தேன்.

19ஆம் நாள் காலை, "நேற்று போட்ட முன்பதிவைக் காணோம்" என்று ஒரு வாடிக்கையாளர் மெயில் அனுப்பினார். உள்ளே போய்ப் பார்த்தால் நேற்றையது மட்டுமில்லை, எதுவுமே இல்லை. என் டேபிள்கள் அத்தனையும் போய், நான் உருவாக்காத ஒரு டேபிள் மட்டும் கிடந்தது. அதில் ஒரே ஒரு வரிசை: உன் தரவு எங்களிடம் இருக்கிறது, இந்த முகவரிக்கு பிட்காயின் அனுப்பு. இப்படி மிரட்டுகிறவர்கள் பல நேரம் எதையும் நகலெடுத்து வைத்திருப்பதே இல்லையாம், அழித்துவிட்டுப் பணம் மட்டும் கேட்பார்களாம். நான் அனுப்பவில்லை.

மூன்று கதவுதானே திறந்திருந்தது, எப்படி வந்தார்கள்? அன்று பகல் முழுக்க இதையே தேடினேன். காம்போஸ் கோப்பில் டேட்டாபேஸுக்குக் கீழே 5432:5432 என்று ஒரு வரி இருந்தது. 5432 போஸ்ட்கிரெஸின் வழக்கமான போர்ட். சாதாரணமாக அப்படி எழுதினால், சர்வரின் எல்லா முகவரியிலும் அந்தப் போர்ட்டைத் திற என்று டாக்கருக்குச் சொல்வதாக அர்த்தம். டாக்கர் அதற்கான விதிகளை நேரே லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால் விதிப்பட்டியலான ஐபிடேபிள்ஸில் எழுதிக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் பாக்கெட்டை முதலிலேயே கன்டெய்னர் பக்கம் திருப்பிவிடுவதால், யூஎஃப்டபிள்யூ போட்ட தடைகள் இருக்கும் பாதைக்கே அது வருவதில்லை. அவர் காட்டிய மூன்று போர்ட் பட்டியல் பொய்யில்லை. ஆனால் டாக்கர் திறந்துவிட்ட கதவு அந்தப் பட்டியலில் வரவே வராது. இது ஒன்றும் சிதம்பர ரகசியமும் இல்லை, டாக்கரின் சொந்த ஆவணத்திலேயே எச்சரிக்கையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

வயிறு எரிந்தது அந்த ஸ்கிரீன்ஷாட்டைத் திரும்பத் திறந்தபோதுதான். கன்டெய்னர் பட்டியலில், 'ஹெல்தி'க்குப் பக்கத்துப் பத்தியில், 0.0.0.0:5432 (எல்லா முகவரியிலும் திறந்திருக்கிறது என்று அர்த்தம்) என்று கொட்டை எழுத்தில் நிற்கிறது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எனக்கு அன்று அது என்னவென்று தெரியாது. தெரிந்தவர் என்று சொல்லித்தான் அவருக்கு 540 டாலர்.

அந்தக் கோப்பு என்னுடையதுதான், மறைக்கவில்லை. மடிக்கணினிக்காக நான் எழுதியது. பாஸ்வேர்டும் வெறும் 'போஸ்ட்கிரெஸ்'. புரொடக்‌ஷனுக்குத் தனிக் கோப்பு எழுதித்தருவேன் என்பது அவர் கொடுத்த வாக்கு. என்னுடையதையும் அவர் ஏற்றியதையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். இரண்டு வரி மாறியிருக்கிறது: டொமைன் பெயர் ஒன்று, 'ரீஸ்டார்ட்' வரி ஒன்று. வரிக்கு 270 டாலர்! (வரும் கோரிக்கைகளைச் செயலிக்குக் கடத்தும் ரிவர்ஸ் ப்ராக்ஸியும் பூட்டுச் சின்னத்துக்கான சான்றிதழும் தனியாகப் போட்டார். அதை இல்லை என்று சொல்லவில்லை.)

சரி, பேக்கப் இருக்கிறதே என்று அந்த ஃபோல்டரைத் திறந்தேன். நாள் தவறாமல் கோப்பு இருக்கிறது, மொத்தம் 19. முதல் கோப்பு 1.3 எம்பி. மீதி 18 கோப்பும் தலா 20 பைட். ஒன்றுமே இல்லாததை ஜிஜிப்பில் சுருக்கினால் வருகிற அளவு அது, வெறும் தலையும் வாலும். குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டுவது க்ரான். அதன் பிழையை ஒரு கோப்பில் எழுதச் சொல்லி ஓடவிட்டுப் பார்த்ததில், 'உள்ளீட்டுச் சாதனம் டிடிஒய் (டெர்மினல்) அல்ல' என்ற பிழை. கன்டெய்னருக்குள் கட்டளை ஓட்டும்போது, டெர்மினலோடு பேசுவதற்கான 'டி' ஃபிளாகை, அதாவது கட்டளையோடு ஒட்டும் குறியை, அவர் சேர்த்திருக்கிறார். மனிதர் கையால் அடித்தால் டெர்மினல் இருக்கும், வேலை செய்யும். ராத்திரி இரண்டு மணிக்கு க்ரான் அடிக்கும்போது டெர்மினல் ஏது? ஒரே ஓர் எழுத்து. என் கண்ணெதிரே ஓடிய அன்று மட்டும்தான் அந்தக் கட்டளை ஒழுங்காக ஓடியிருக்கிறது.

அவருக்கு எழுதினேன். ஒன்பது மணி நேரம் கழித்துப் பதில்: "உங்க கோட்ல எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் இருக்கும் சார், செக் பண்ணுங்க." என் கோடின் ஓட்டை வழியாக டேட்டாபேஸுக்குள் கட்டளை நுழைத்திருப்பார்களாம். பணம் வாங்கும்வரை அண்ணா, இப்போது சார். ஸ்கிரீன்ஷாட்டில் அந்தப் பத்தியைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்பினேன். "சர்வர் கொடுத்த கம்பெனிகிட்ட கேளுங்க, அவங்க செக்யூரிட்டிதான்." 20 பைட் பட்டியலை அனுப்பினேன். "பேக்கப் மானிட்டரிங் நம்ம ஸ்கோப்ல இல்ல சார். மாசம் 45 டாலர் மெயின்டெனன்ஸ் எடுத்துக்கிட்டா பாத்துக்கலாம்." வீட்டைத் திறந்து போட்டவரே காவலுக்குச் சம்பளம் கேட்கிறார். 540 டாலரில் பாதியையாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். படித்ததற்கான அடையாளம் விழுந்தது, பதில் விழவில்லை. மூன்று நாளாகிறது.

தளத்தின் உதவிப் பிரிவு அதற்கு மேல். முதல் பதில் அச்சடித்தது மாதிரி: உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். இரண்டாவது: பணத்தை விடுவித்து 14 நாளுக்குள் முறையிட்டிருக்க வேண்டும், காலம் கடந்துவிட்டது. வெளியே அனுப்பிய 270 பற்றிக் கேட்டேன். அதற்கு மட்டும் மின்னல் வேகம்: தளத்துக்கு வெளியே பணம் கொடுத்தது விதிமீறல் என்று என் கணக்குக்கே ஓர் எச்சரிக்கை. அவர் கணக்கு இன்னும் 4.9 நட்சத்திரத்தோடு ஜொலிக்கிறது. அதில் ஐந்து நான் போட்டது. திருத்தவும் முடியவில்லை, அதற்கும் 14 நாள்தானாம்.

புரொடக்‌ஷனில் ஏற்றும் முன் கவனிக்க வேண்டியதையெல்லாம் வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நேரம் இல்லை, தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. அவசரத்துக்குச் சில மட்டும்.

டேட்டாபேஸுக்கு அந்தப் போர்ட் வரியே வேண்டாம், அழித்துவிடுங்கள். ஒரே காம்போஸில் இருக்கும் கன்டெய்னர்கள் கோப்பில் கொடுத்த சர்வீஸ் பெயரை வைத்தே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். உங்களுக்கு வேண்டியே ஆக வேண்டும் என்றால் முன்னால் 127.0.0.1 சேர்த்து எழுதுங்கள், அப்போது அந்தச் சர்வருக்குள்ளிருந்து மட்டுமே எட்டும். ஃபயர்வால் என்ன சொல்கிறது என்று சர்வருக்குள்ளிருந்து கேட்காதீர்கள், வேறொரு கணினியிலிருந்து எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று காட்டும் என்மேப் ஓட்டிப் பாருங்கள். பேக்கப் கோப்பு இருக்கிறது என்பதை நம்பாதீர்கள், தானாக ஓடி வந்த ஒரு கோப்பை எடுத்து வேறொரு காலி டேட்டாபேஸில் ஏற்றிக்காட்டச் சொல்லுங்கள், அதுவரை கடைசித் தவணையை விடாதீர்கள். வெளியே பணம் அனுப்பாதீர்கள். வேலை முடிந்ததும் அவருடைய எஸ்எஸ்எச் சாவியை (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவுவது) நீக்குங்கள். நான் நேற்றுதான் பார்த்தேன், அவர் சாவி முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கிலேயே இன்னும் இருந்தது. நினைத்தால் இவ்வளவு நாளும் உள்ளே வந்து போயிருக்கலாம்.

அந்தச் சர்வரை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்து, கை நடுக்கத்தோடு நானே ஏற்றிவிட்டேன். முதல் நாள் பேக்கப் ஏறிவிட்டது. மீதியை, செயலி அனுப்பிய உறுதிப்படுத்தும் மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பெயர், தேதி, நேரம் என்று கையால் அடித்து ஏற்றிக்கொண்டிருக்கிறேன். 18 நாளில் ஆறாவது நாளில் இருக்கிறேன்.